யூஆர்ட் சிக்கல்: ஒற்றை எழுத்து சரியாக வருகிறது, நீண்ட வரி சிதைகிறது

செம்புக்கம்பி எழுதியது:

வணக்கம். ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலரை வைத்து நானே சாலிடர் செய்த ஒரு போர்டை, யூ.எஸ்.பி.-சீரியல் மாற்றி ஒன்றின் வழியாகக் கணினியுடன் இணைத்திருக்கிறேன். போர்டு 5 வோல்ட்டில் இயங்குகிறது. மாற்றியும் 5 வோல்ட் நிலையில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. வெளிக் கிரிஸ்டல் இல்லை; சிப்புக்குள்ளேயே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர்தான் கிளாக் (சிப்பின் வேலைகளுக்குத் தாளம் தரும் துடிப்பு). யூஆர்ட்டின் (சிப்பிலுள்ள சீரியல் தொடர்புப் பகுதியின்) வேகம் 57600 பாட், அதாவது நொடிக்கு 57600 பிட். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தொடக்க பிட், 8 டேட்டா பிட், பாரிட்டி (பிழை சரிபார்க்கும் பிட்) இல்லை, முடிவைக் குறிக்கும் 1 ஸ்டாப் பிட். போர்டு ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. அதே பெட்டியில் 60 விளக்குகள் கொண்ட டபிள்யூ.எஸ்.2812 எல்.இ.டி. பட்டை ஒன்றையும் இந்தப் போர்டே இயக்குகிறது. நொடிக்கு ஒரு முறை சென்சார் அளவீடுகளை ஒரே வரியாகக் கணினிக்கு அனுப்புகிறது. கணினியிலிருந்து சிறு கட்டளைகளைப் பெற்றுக்கொள்கிறது.

இரண்டு கோளாறுகளைக் காண்கிறேன். முதலாவது, மின்சாரம் கொடுத்த புதிதில் எல்லா வரிகளும் சுத்தமாக வருகின்றன. சற்று நேரம் ஓடிய பிறகு வரியின் தொடக்கத்தில் சில எழுத்துகள் மட்டும் சரியாக இருந்து, அதன் பின் குப்பையாகிவிடுகின்றன. ஆனால் அதே நேரத்தில், ஒற்றை எழுத்தில் பதில் வரும் கட்டளையை அனுப்பினால் அந்தப் பதில் எப்போதும் சரியாகவே வருகிறது. இரண்டாவது, கணினியிலிருந்து நான் அனுப்பும் கட்டளைகளில் அவ்வப்போது நடு எழுத்துகள் காணாமல் போகின்றன. அவை குப்பையாக மாறுவதில்லை, இல்லாமலே போய்விடுகின்றன.

கேபிளையும் மாற்றியையும் மாற்றிப் பார்த்தேன். வேறு கணினியிலும் பார்த்தேன். இரண்டு கோளாறுகளும் அப்படியே இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

மின்னோட்டம் எழுதியது:

முதலில் பாதையை இரண்டாக வெட்டிப் பாருங்கள். போர்டைக் கழற்றிவிட்டு, மாற்றியின் டி.எக்ஸ். (அனுப்பும்) பின்னையும் ஆர்.எக்ஸ். (பெறும்) பின்னையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். டெர்மினலில் உள்ளூர் எக்கோவை அணைத்துவிட்டு ஒரு பெரிய கோப்பை அனுப்பி, திரும்பி வருவதைச் சேமித்து, இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கணினி, டிரைவர், யூ.எஸ்.பி. கேபிள் ஆகியவற்றைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

இதைச் செய்யும்போது ஃப்ளோ கண்ட்ரோல் (எதிர்முனை தயாராகும்வரை அனுப்புவதை நிறுத்தி வைக்கும் முறை) எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். வன்பொருள் ஃப்ளோ கண்ட்ரோல் இயங்கும் நிலையில் சி.டி.எஸ். பின் ('அனுப்பலாம்' என்ற அனுமதியைப் பெறும் பின்) எதனுடனும் இணைக்கப்படாமல் இருந்தால், மாற்றி ஒரு பைட்டைக்கூட அனுப்பாமல் இருந்துவிடக்கூடும். தொடர், நிறுத்து என்பதற்குத் தனி பைட்டுகளை அனுப்பும் எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் முறை இயங்கினால் 17, 19 ஆகிய மதிப்புள்ள பைட்டுகள் தரவாகக் கருதப்படாமல் விழுங்கப்படும். எழுத்துகளை மட்டும் அனுப்பும்வரை இது வெளியில் தெரியாது. பைனரி தரவை அனுப்பத் தொடங்கும் நாளில்தான் தெரியவரும்.

லினக்ஸில் வேலை செய்பவராக இருந்தால் இன்னும் ஒன்று. உங்கள் புரோகிராம் போர்ட்டைத் திறந்தபின் அதை 'ரா' நிலைக்கு மாற்றுகிறதா என்று பாருங்கள். மாற்றாவிட்டால், கெர்னல் அந்த போர்ட்டை ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டும் டெர்மினலாகவே நடத்தும்: வரி முடியும்வரை எழுத்துகளைக் கொடுக்காது, வரும் கேரேஜ் ரிட்டர்னைப் புதுவரிக் குறியாக மாற்றும், போர்டு அனுப்பியதை எக்கோவாகப் போர்டுக்கே திருப்பி அனுப்பும். தான் சொன்னதையே கட்டளையாகக் கேட்டு போர்டு குழம்புவதை நான் பார்த்திருக்கிறேன். மோடம்மேனேஜர் என்னும் பின்னணிச் சேவையும், புதிதாகச் செருகப்படும் சீரியல் போர்ட் ஒரு மோடமாக இருக்கலாமோ என்று சோதிக்கத் தானாகவே சில எழுத்துகளை அனுப்புவது உண்டு.

பழைய_பலகை எழுதியது:

டி.எக்ஸ்.-ஆர்.எக்ஸ். குறுக்கிணைப்பு மாறியிருந்தாலோ கிரவுண்ட் கம்பியே இல்லாதிருந்தாலோ உங்களுக்கு இவ்வளவு கூடக் கிடைத்திருக்காது, அவற்றை விட்டுவிடலாம். மின்னழுத்த நிலையும் இங்கே சந்தேகத்துக்கு உரியதன்று. ஆனாலும் இந்த இழையைப் பின்னால் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கணினியின் பழைய 9 பின் சீரியல் போர்ட் என்பது ஆர்.எஸ்-232. அதில் 1 என்பது எதிர்மறை மின்னழுத்தம், 0 என்பது நேர்மறை. பெறும் முனையில் 3 முதல் 15 வோல்ட் வரை இருக்கலாம். மைக்ரோகண்ட்ரோலரின் பின்னில் 1 என்பது 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட், 0 என்பது சுழியம். நடுவில் மேக்ஸ்232 போன்ற ஒரு சிப் இல்லாமல் இவை இரண்டையும் நேரடியாக இணைத்தால், தலைகீழாகிப்போன பிட்டுகள் குப்பையாகத் தெரிவது சிறிய தீங்கு. பின் எரிந்துபோவது பெரிய தீங்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். போர்டுக்கு மின்சாரம் இல்லாதபோதும் மாற்றி இணைந்திருந்தால், மாற்றியின் டி.எக்ஸ். கம்பி சும்மா இருக்கும் வேளையில் உயர் நிலையில் நிற்பதால், மைக்ரோகண்ட்ரோலரின் ஆர்.எக்ஸ். பின்னிலுள்ள பாதுகாப்பு டயோடு வழியே மின்சாரம் உள்ளே கசியும். சிப் பாதி உயிரோடு கிடக்கும். பிறகு உண்மையான மின்சாரத்தைக் கொடுக்கும்போது அது ஒழுங்காக ரீசெட் ஆகாமல் போகலாம்.

உங்கள் விஷயத்தில் நான் சந்தேகிப்பது எல்.இ.டி. பட்டையை. ஒரு டபிள்யூ.எஸ்.2812 முழு வெள்ளையில் எரியும்போது சுமார் 60 மில்லிஆம்பியர் இழுக்கும்; 60 விளக்குகளுக்கு 3.6 ஆம்பியர். அந்த மின்னோட்டம் திரும்பும் கிரவுண்ட் கம்பியும் சீரியல் கிரவுண்டும் ஒன்றாக இருந்தால், கம்பியின் தடையால் போர்டின் கிரவுண்ட் கணினியின் கிரவுண்டிலிருந்து விலகும். பட்டையின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, இரண்டு கோளாறுகளும் என்ன ஆகின்றன என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

செம்புக்கம்பி எழுதியது:

மிக்க நன்றி. கேட்டவற்றைச் செய்து பார்த்தேன்.

மாற்றியின் இரண்டு பின்களையும் இணைத்துச் செய்த சோதனையில் ஒரு பைட்கூட மாறவில்லை. போர்ட் ரா நிலையில்தான் திறக்கப்படுகிறது.

எல்.இ.டி. பட்டையின் மின்சாரத்தை முற்றிலும் துண்டித்தேன். வரிகள் சிதைவது நிற்கவில்லை. ஆனால் சிதைவு தொடங்க முன்பைவிட அதிக நேரம் ஆனது. பெட்டியின் மூடியைத் திறந்து சிப்பின் மேல் விசிறிக் காற்றை விட்டால் வரிகள் மீண்டும் சுத்தமாகிவிடுகின்றன. தலைமுடி உலர்த்தியால் சூடாக்கினால் உடனே சிதைகின்றன. ஆக, இது வெப்பத்தைச் சார்ந்தது.

கட்டளை எழுத்துகள் காணாமல் போவதும், பட்டைக்கு மின்சாரம் இல்லாதபோதும் தொடர்கிறது. ஆனால் போர்டின் புரோகிராமில் பட்டையைப் புதுப்பிக்கும் ஒற்றை வரியை நீக்கிவிட்டு ஏற்றினால், ஓர் எழுத்துகூடத் தவறவில்லை. விசிறியோ சூடோ இந்த இரண்டாவது கோளாறைத் தொடவே இல்லை.

துடிப்பு எழுதியது:

நீங்கள் செய்த இந்தச் சோதனைகளே பாதி விடையைக் கொடுத்துவிட்டன. இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள். பட்டைக்கு மின்சாரமே இல்லாதபோதும் எழுத்துகள் தொலைகின்றன, கோடில் ஒரு வரியை எடுத்தால் நின்றுவிடுகிறது என்பதால் கிரவுண்ட் மின்னோட்டம் காரணமன்று. அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் வெப்பத்தால் வருவதை எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை முன்பே சொல்லிவிட வேண்டும். டி.எக்ஸ்.-ஆர்.எக்ஸ். பின்களை இணைத்துச் செய்யும் சோதனையால் வேகப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது. அனுப்புவதும் பெறுவதும் ஒரே கிளாக்காக இருப்பதால், அந்தக் கிளாக் எவ்வளவு தவறாக ஓடினாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே தவறும். விடை சரியாகத்தான் வரும். எனவே அந்தச் சோதனையில் தேறியதை, வேகம் சரி என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது உங்கள் வேகத்தைக் கணக்கிடுவோம். 8 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் இரட்டை வேக நிலையில் (சாதாரண நிலையில் 16 ஆல் வகுப்பதற்குப் பதில் 8 ஆல் வகுக்கும் நிலை) 57600 பாட் வேண்டுமென்றால், வேகத்தைத் தீர்மானிக்கும் யூ.பி.ஆர்.ஆர். ரெஜிஸ்டரில் 16 என்று எழுதுவோம்; அதனுடன் 1 கூட்டியதே வகுஎண். 80,00,000-ஐ 8 × 17 ஆல் வகுத்தால் 58,824 கிடைக்கும். அதாவது கிளாக் முற்றிலும் துல்லியமாக இருந்தாலும்கூட நீங்கள் 2.1 சதவீதம் வேகமாகத்தான் பேசுகிறீர்கள். வகுஎண் முழு எண்ணாக இருக்க வேண்டும் என்பதால் வரும் விலகல் இது. இதற்கு மேல் உள் ஆஸிலேட்டரின் விலகலும் சேரும். தொழிற்சாலை அளவுத்திருத்தத்துக்கு டேட்டாஷீட் தரும் உறுதி, 3 வோல்ட்டிலும் 25 டிகிரி செல்சியஸிலும் ±10 சதவீதம் மட்டுமே. பெரும்பாலான சிப்புகள் நடைமுறையில் அதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் வெப்பமும் மின்னழுத்தமும் மாறினால் அதிர்வெண்ணும் நகரும்.

யூகத்தில் நிற்காமல் அளந்துவிடுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து 'யூ'வைத் தொடர்ந்து, இடையிடையே சிறு இடைவெளி விட்டு அனுப்பச் செய்யுங்கள். அதன் மதிப்பு பதினறும எண்ணில் 55. சிறிய பிட் முதலில் செல்வதால், தொடக்க பிட்டும் ஸ்டாப் பிட்டும் சேர்ந்து 0, 1, 0, 1 என்று மாறி மாறி வரும் ஒரே சீரான சதுர அலையாகத் தெரியும். ஆஸிலோஸ்கோப்பிலோ லாஜிக் அனலைசரிலோ, தொடக்க பிட் கீழே இறங்கும் விளிம்பிலிருந்து ஸ்டாப் பிட் மேலே ஏறும் விளிம்பு வரை அளங்கள். அது சரியாக 9 பிட். 57600 பாட்டுக்கு 156.25 மைக்ரோநொடி இருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் ஒரு முறை, சிதைவு தொடங்கியபின் ஒரு முறை அளந்து சொல்லுங்கள். ஒரு பிட்டை மட்டும் அளந்தால் விளிம்பைக் குறிப்பதில் வரும் சிறு தவறும் பெரிதாகத் தெரியும். ஒன்பதைச் சேர்த்து அளந்தால் அது ஒன்பதில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

மின்னோட்டம் எழுதியது:

இவ்வளவு தூரம் போக வேண்டுமா? நொடிக்கு ஒரு வரிதானே அனுப்புகிறார். 9600 பாட்டில் நொடிக்கு 960 எழுத்துகள் போகும். அது தாராளமாகப் போதும். வேகத்தைக் குறைத்தால் பிட் அகலமாகும், பிழைக்கான இடமும் பெருகும்.

துடிப்பு எழுதியது:

9600 போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிட் அகலமானால் கிளாக் பிழைக்கான இடம் பெருகும் என்பதை அப்படியே ஏற்க முடியாது. கம்பியின் மின்தேக்கத்தால் விளிம்பு சரிந்துபோவதற்கும், இரைச்சலால் ஓரிரு மைக்ரோநொடி தடுமாறுவதற்கும் அது பொருந்தும். அவை கால அளவில் நிலையானவை, பிட் அகலமாக அகலமாக அவற்றின் பங்கு குறையும். கிளாக் விலகல் ஒரு விகிதம். 3 சதவீதம் வேகமாக ஓடும் ஆஸிலேட்டர் 57600 பாட்டிலும் 3 சதவீதம் வேகம்தான், 300 பாட்டிலும் 3 சதவீதம் வேகம்தான். பிட் எவ்வளவு அகலமாகிறதோ, விலகலும் அதே அளவுக்கு அகலமாகும்.

வேகத்தைக் குறைத்தால் இவருக்குப் பயன் இருக்கவே செய்யும். ஆனால் காரணம் வேறு. 8 மெகாஹெர்ட்ஸில் 38400 பாட்டுக்கு வகுஎண் நன்றாகப் பொருந்துகிறது: சாதாரண நிலையில் யூ.பி.ஆர்.ஆர். 12 என்றால் 38,462, விலகல் 0.2 சதவீதத்துக்கும் குறைவு. 9600-க்கும் அதே 0.2தான். எனவே 57600-லிருந்து 38400-க்கு இறங்கினால் 2 சதவீதம் மிச்சமாகும். அதற்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் இந்தக் கோளாறைப் பொறுத்தவரை எதுவும் மிச்சமாகாது.

செம்புக்கம்பி எழுதியது:

அளந்துவிட்டேன். குளிர்ந்த நிலையில் 9 பிட்டுக்கு 153.0 மைக்ரோநொடி. சிதைவு நன்றாகத் தெரியும் சூட்டில் 148.5 மைக்ரோநொடி. திரையில் அலை மிகச் சுத்தமாக இருக்கிறது. விளிம்புகள் செங்குத்தாக நிற்கின்றன, மேல்நிலை 5 வோல்ட்டுக்கு மிக அருகில் இருக்கிறது, இரைச்சல் என்று சொல்ல எதுவுமே இல்லை. ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை: வேகம் தவறு என்றால், ஒற்றை எழுத்துப் பதில் மட்டும் எப்படிச் சரியாக வருகிறது?

துடிப்பு எழுதியது:

அந்தக் கேள்விதான் இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது; அதற்கு நிதானமாகவே விடை எழுதுகிறேன்.

153.0-ஐ 9 ஆல் வகுத்தால் ஒரு பிட்டுக்கு 17.0 மைக்ரோநொடி, அதாவது 58,824 பாட். கணக்கில் வந்த எண்ணே வந்திருக்கிறது. குளிர்ந்த நிலையில் உங்கள் ஆஸிலேட்டர் கிட்டத்தட்டத் துல்லியமாக ஓடுகிறது. சூட்டில் 148.5; ஒரு பிட்டுக்கு 16.5 மைக்ரோநொடி, 60,606 பாட். 57600-லிருந்து இது 5.2 சதவீதம் விலகல். 2.1 சதவீதம் வகுஎண் தந்தது, மீதி 3 சதவீதம் சூடு தந்தது. இரண்டில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்திருந்தால் உங்களுக்குக் கோளாறே தெரிந்திருக்காது.

இப்போது பெறும் பக்கம் என்ன செய்கிறது என்று பாருங்கள். கம்பி சும்மா இருக்கும்போது உயர் நிலையில் நிற்கும். அது கீழே இறங்கிய கணத்தில் பெறுநர் தன் கடிகாரத்தைச் சுழியத்தில் வைத்துக்கொண்டு, அதன் பிறகு அனுப்புநரிடம் எதையும் கேட்காமல், தன் கணக்கிலேயே ஒவ்வொரு பிட்டின் நடுவையும் தேடிப் பார்க்கிறது. தொடக்க பிட்டுக்கு 0.5, முதல் டேட்டா பிட்டுக்கு 1.5 என்று போய், எட்டாவது டேட்டா பிட்டை 8.5-லும் ஸ்டாப் பிட்டை 9.5-லும் பார்க்கும். அனுப்புநர் 5.2 சதவீதம் வேகமாக இருப்பதால், பெறுநரின் 8.5 என்பது அனுப்புநரின் கணக்கில் 8.94. எட்டாவது டேட்டா பிட் 8 முதல் 9 வரை நிற்கிறது. எனவே அது விளிம்பை ஒட்டியே இருந்தாலும் சரியாகப் படிக்கப்பட்டுவிடும். பெறுநரின் 9.5 என்பது அனுப்புநரின் 9.99. ஸ்டாப் பிட் 10-இல் முடிந்துவிடுகிறது. பெறுநர் பார்க்கும் அந்த இடம் அடுத்த எழுத்தின் தொடக்க பிட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் இருக்கிறது. சற்றே தடுமாறினால் அதற்குள்ளேயே விழுந்துவிடும்.

அடுத்த எழுத்து உடனே வருகிறதென்றால், பெறுநர் 1-ஐ எதிர்பார்த்த இடத்தில் 0-ஐக் காண்கிறது. இதுவே ஃப்ரேமிங் பிழை, அதாவது எழுத்தின் எல்லை தவறிய பிழை. அதன் பின் எந்த இறக்கத்தைத் தொடக்கமாக எடுத்துக்கொள்வது என்பதிலேயே அது தடம் மாறிவிடுகிறது. ஒரு டேட்டா பிட்டின் இறக்கத்தைத் தொடக்க பிட் என்று நினைத்துப் படிக்கத் தொடங்கும். வரி முழுவதும் குப்பையாகிறது. வரி முடிந்து கம்பி சற்று நேரம் சும்மா இருந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த வரியின் தொடக்கம் சரியாக வருகிறது.

ஒற்றை எழுத்துக்குப் பின்னால் வேறு எழுத்து இல்லை. ஸ்டாப் பிட் முடிந்தாலும் கம்பி உயர் நிலையிலேயே இருக்கிறது. பெறுநர் எவ்வளவு தாமதமாகப் பார்த்தாலும் 1-தான் தெரியும். ஆகவே 'தனியாக அனுப்பினால் சரி, அடுத்தடுத்து அனுப்பினால் தவறு' என்ற அடையாளம் எங்கே தெரிந்தாலும், வேறு எதையும் தொடும் முன் அனுப்புநரின் கிளாக் வேகமாக ஓடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

இதை நீங்களே சரிபார்க்க எளிய வழி உண்டு. போர்டின் பக்கத்தில் மட்டும் ஸ்டாப் பிட்டை 2 ஆக்குங்கள். கணினியில் 1 ஆகவே இருக்கட்டும். அதே சூட்டில் சிதைவு மறைய வேண்டும். அதைத் தீர்வாக வைத்துக்கொள்ளாதீர்கள்; விலகல் 5.9 சதவீதத்தை நெருங்கினால் எட்டாவது டேட்டா பிட்டே தவறாகப் படிக்கப்படும், அதற்கு ஸ்டாப் பிட் உதவாது. இரண்டு முனைகளின் பிழைகளையும் சேர்த்து 2 சதவீதத்துக்குள் நிறுத்துவதே பாதுகாப்பு.

ஒரு சிறு கூடுதல் தகவல்: இதே 57600-ஐ நீங்கள் சாதாரண நிலையில், யூ.பி.ஆர்.ஆர். 8 என்று வைத்திருந்தால் விலகல் எதிர்ப்பக்கம் 3.5 சதவீதமாக இருந்திருக்கும். போர்டு சூடாகச் சூடாகத் தொடர்பு மேம்பட்டிருக்கும்; அப்போது காரணத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினமாக இருந்திருக்கும்.

செம்புக்கம்பி எழுதியது:

இரண்டு ஸ்டாப் பிட் வைத்தேன். உலர்த்தியால் அதே அளவு சூடாக்கியும் வரிகள் சுத்தமாக வருகின்றன. இனி நிரந்தரமாக என்ன செய்வது? சிப்பில் கிரிஸ்டலுக்கான இரண்டு பின்களும் காலியாகத்தான் இருக்கின்றன.

பழைய_பலகை எழுதியது:

கிரிஸ்டல் போடுங்கள். 7.3728 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் சீரியல் தொடர்புக்கென்றே பிறந்த எண். அதை 16 ஆல் வகுத்தால் 4,60,800. அதன் எட்டில் ஒன்று 57,600. மீதி இல்லை, விலகல் சுழியம். 115200-க்கும் அப்படியே பொருந்தும். 11.0592, 14.7456 என்று பார்க்க விசித்திரமாக இருக்கும் கிரிஸ்டல்கள் எல்லாம் இந்தக் காரணத்துக்காகவே பரவலாகக் கிடைக்கின்றன.

துடிப்பு எழுதியது:

தொடர்பை மட்டும் பார்த்தால் அதுவே சிறந்தது. ஆனால் இவரிடம் டபிள்யூ.எஸ்.2812 பட்டை இருக்கிறது. அந்த லைப்ரரிகள் கிளாக் சுழற்சிகளை ஒவ்வொன்றாக எண்ணி, 8 அல்லது 16 மெகாஹெர்ட்ஸுக்கென்று எழுதப்பட்டவை, 7.3728-இல் அவை ஓடுமா என்று தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கும். இவருக்கு 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் 38400 பாட்டும் போதும். கோடில் வேக எண்ணைத் தவிர எதையும் மாற்ற வேண்டாம், விலகல் 0.2 சதவீதம்தான். 57600-ஐ விட மனமில்லை என்றால் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் பொருந்தும்; 5 வோல்ட்டில் சிப் அதைத் தாங்கும், இரட்டை வேக நிலையில் யூ.பி.ஆர்.ஆர். 34 வைத்தால் விலகல் 0.8 சதவீதம்.

கிரிஸ்டலை முதலில் சாலிடர் செய்யுங்கள். இரு கால்களிலிருந்தும் கிரவுண்டுக்கு 22 பிகோஃபாரட் மின்தேக்கிகள் போடுங்கள். அதன் பிறகே ஃப்யூஸ் பிட்டை (சிப் எந்தக் கிளாக்கில் ஓட வேண்டும் என்பது போன்றவற்றைத் தீர்மானிக்கும் அமைப்பு பிட்) மாற்றுங்கள். வரிசை மாறினால், வெளிக் கிளாக்கை எதிர்பார்த்துச் சிப் அசையாமல் நிற்கும்; புரோகிராமராலும் அதனுடன் பேச முடியாது. ஃப்யூஸைத் தொடும்போது எட்டால் வகுக்கும் பிட்டையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். புதிய சிப்புகள் அந்தப் பிட்டுடன்தான் வருகின்றன, 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். 9600 என்று நினைத்து எழுதியது 1200-ஆக வெளிவருவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

கிரிஸ்டலுக்கு இடமே இல்லாத போர்டுகளில் ஆஸ்கேல் என்னும் அளவுத்திருத்த ரெஜிஸ்டரைத் திருத்தி உள் ஆஸிலேட்டரைச் சரிசெய்யலாம்; ஆனால் அந்தத் திருத்தம் செய்த வெப்பநிலைக்கும் மின்னழுத்தத்துக்கும் மட்டுமே செல்லும். சூடேறும் மூடிய பெட்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நிலைமம் எழுதியது:

இரண்டாவது கோளாறை நான் எடுத்துக்கொள்கிறேன். டபிள்யூ.எஸ்.2812-க்கு ஒரு பிட் அனுப்ப 1.25 மைக்ரோநொடி ஆகும். ஒரு விளக்குக்கு 24 பிட், 30 மைக்ரோநொடி. 60 விளக்குகளுக்கு 1,800 மைக்ரோநொடி. அந்த நேரம் முழுவதும் லைப்ரரி இன்டரப்ட்டுகளை (ஓடும் வேலையை இடைமறித்து, வந்த பைட்டை எடுப்பது போன்ற அவசர வேலையைச் செய்யும் ஏற்பாடு) அணைத்து வைக்கிறது. இல்லையென்றால் நிறங்கள் பிசகிவிடும். 57600 பாட்டில் ஒரு பைட் வர 174 மைக்ரோநொடி. ஆக, ஒரு முறை பட்டையைப் புதுப்பிப்பதற்குள் 10 பைட்டுகள் வந்து சேர முடியும். இந்தச் சிப்பின் வன்பொருளில் இரண்டு பைட்டுக்கான பஃபரும் (தற்காலிகச் சேமிப்பிடம்), பிட்டுகளைச் சேர்க்கும் ஷிப்ட் ரெஜிஸ்டரும் மட்டுமே உள்ளன. மூன்றுக்கு மேல் தாங்காது. மென்பொருளில் 64 பைட் பஃபர் இருப்பது இங்கே உதவாது. அதற்குள் பைட்டை எடுத்து வைப்பதே இன்டரப்ட்தானே.

ரெஜிஸ்டரில் டி.ஓ.ஆர். என்ற ஓவர்ரன் பிட் இருக்கிறது; இடமில்லாமல் பைட் தொலைந்ததை அது காட்டும். பைட்டைப் படிக்கும் முன் அதைப் படித்து, எத்தனை முறை எழுகிறது என்று எண்ணுங்கள். படித்த பின்பு பார்த்தால் அது அந்தப் பைட்டுக்குரியதாக இருக்காது. இன்டரப்ட்டை நீங்களே எழுதாமல் ஒரு லைப்ரரியைப் பயன்படுத்தினால் இந்தப் பிட் பெரும்பாலும் உங்கள் கண்ணில் படாமலேயே கடந்துபோகும். எழுத்துகள் தொலைந்தும் எந்த எச்சரிக்கையும் வராததற்கு இதுவே காரணம்.

மின்னோட்டம் சொன்ன 9600 இங்கே உண்மையாகவே வேலை செய்யும். முதல் கோளாறு விகிதத்தைச் சார்ந்தது, இது கால அளவைச் சார்ந்தது. 9600-இல் ஒரு பைட்டுக்கு 1,042 மைக்ரோநொடி, 1,800 மைக்ரோநொடியில் இரண்டு பைட்கூட முழுதாக வராது, வன்பொருளே தாங்கிக்கொள்ளும். 38400-இல் ஏறக்குறைய 7 பைட் வரும், எனவே இழப்பு தொடரும்.

செம்புக்கம்பி எழுதியது:

பட்டையை 144 விளக்குகளாக நீட்டும் எண்ணம் உண்டு. அப்போது புதுப்பிக்க 4,320 மைக்ரோநொடி ஆகுமே, 9600-உம் போதாதல்லவா?

நிலைமம் எழுதியது:

போதாது, நான்கு பைட் வந்துவிடும். அதனால் வேகத்தை நம்பாமல் முறை ஒன்றை வகுத்துக்கொள்ளுங்கள். போர்டு பட்டையைப் புதுப்பித்து முடித்ததும் 'தயார்' என்று பொருள்படும் ஒரு பைட்டை அனுப்பட்டும். கணினி அதைப் பார்த்த பிறகே ஒரு கட்டளையை அனுப்பட்டும். கட்டளையின் முதல் பைட் வந்துவிட்டால், வரி முடியும்வரை போர்டு அடுத்த புதுப்பித்தலைத் தள்ளிப்போடட்டும். கணினி பாதியில் நின்றுவிட்டால் போர்டும் நின்றுவிடாதபடி ஒரு காலக்கெடு இருக்கட்டும்.

'தயார்' சொன்னவுடனே போர்டு மீண்டும் புதுப்பிக்கத் தொடங்கிவிடக் கூடாது. சில யூ.எஸ்.பி. மாற்றிகள் ஓரிரு பைட்டை உடனே கணினிக்குத் தள்ளாமல் சற்று வைத்திருந்தே கொடுக்கும், எஃப்.டி.டி.ஐ. சிப்புகளில் இந்தக் காத்திருப்பு இயல்பாக 16 மில்லிநொடி, அமைப்பில் அதைக் குறைக்கலாம். எனவே 50 மில்லிநொடி அளவுக்காவது கேட்கும் நேரம் கொடுங்கள். ஆர்.டி.எஸ்.-சி.டி.எஸ். என்னும் வன்பொருள் ஃப்ளோ கண்ட்ரோல் கம்பிகளை இணைத்தும் இதைச் சாதிக்கலாம். ஆனால் நிறுத்தச் சொன்ன பிறகும் மாற்றி சில பைட்டுகளை அனுப்பிவிடலாம் என்பதால், புதுப்பிப்பதற்குச் சற்று முன்னதாகவே நிறுத்தச் சொல்லிவிட வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒவ்வொரு கட்டளைக்கும் நீளத்தையும் ஒரு சி.ஆர்.சி.யையும் (பிழையைக் கண்டறியும் சரிபார்ப்பு எண்) சேருங்கள். எழுத்து தொலைந்த ஒரு கட்டளை, வேறொரு சரியான கட்டளையைப் போலத் தோற்றமளிப்பதுதான் இதில் உண்மையான ஆபத்து.

செம்புக்கம்பி எழுதியது:

8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் போட்டு 38400-க்கு மாற்றினேன்; ஸ்டாப் பிட்டை மீண்டும் 1 ஆக்கினேன். 9 பிட் அகலம் 234.0 மைக்ரோநொடி, பெட்டி மூடியிருந்தாலும், உலர்த்தியால் சூடாக்கினாலும் அந்த எண் அசையவில்லை. வரிகள் எல்லாம் சுத்தம். 'தயார்' பைட் முறையையும் சேர்த்துவிட்டேன். ஓவர்ரன் எண்ணிக்கை சுழியத்திலேயே நிற்கிறது.

ஒன்றே ஒன்று மீதி இருக்கிறது. போர்டை ரீசெட் செய்யும்போதெல்லாம் முதல் வரிக்கு முன்னால் ஒரு குப்பை எழுத்து வருகிறது. பெரும்பாலும் மதிப்பு சுழியமாக இருக்கிறது.

பழைய_பலகை எழுதியது:

ரீசெட் நிலையில் சிப்பின் பின்கள் எதையும் இயக்காமல் மிதக்கின்றன. உங்கள் புரோகிராம் யூஆர்ட்டை இயக்கும்வரை டி.எக்ஸ். கம்பிக்கு உறுதியான நிலை கிடையாது. அது கீழே சரிந்தால் மாற்றி அதைத் தொடக்க பிட்டாக எடுத்துக்கொள்ளும். கம்பி கீழேயே கிடந்தால் எட்டு பிட்டும் 0. சுழியம் வருவதற்குக் காரணம் அதுதான். போர்டின் டி.எக்ஸ். பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோஓம் தடையைப் போடுங்கள். கோடிலும் யூஆர்ட்டை இயக்குவதை முதல் வேலையாக வைத்து, இயக்கியபின் ஓர் எழுத்துக்கான நேரமாவது கம்பியைச் சும்மா விட்டு, அதன் பிறகு முதல் வரியை அனுப்புங்கள். கணினிப் பக்கத்தில் போர்ட்டைத் திறந்ததும் முதல் புதுவரிக் குறி வரும்வரை வருவதை எல்லாம் தள்ளிவிடுங்கள். நடு வரியில் இணைந்துகொள்ளும்போதும் அது உதவும்.

செம்புக்கம்பி எழுதியது:

தடையைப் போட்டேன், குப்பை எழுத்து நின்றுவிட்டது. அனைவருக்கும் நன்றி. இழையின் தலைப்பில் 'தீர்ந்தது' என்று குறிக்கும்படி நெறியாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.